பற்றுச்சீட்டு

கைதடி தாண்டி, நாவற்குழிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னம்
எதிரே வந்த மோட்டார் சைக்கிள்
இரண்டு தரம் விளக்கை மினுக்கிவிட்டுப் போச்சுது.
ஊர்ப்பழக்கமாக்கும், வரவேற்பு எண்டு நினைச்சு
நானும் மினுக்கினன்.
பின்சீற்றில் மச்சாள் சிரிச்சாள்.
சிரிச்சு முடியமுதல்
பூவரசு நிழலுக்குள்ள இருந்து
வெள்ளைக் கையுறை ஒண்டு வெளியில வந்தது.

லுசேர்னில பஸ் ஓட்டுறன்.
ஏரிக்கரையில இருந்து மேட்டுக்கு,
மேட்டில இருந்து ஏரிக்கரைக்கு,
இருபத்திரண்டு வருசம்.
கண்ணாடி மறைக்கிற பனிக்குள்ள
நோவெடுத்த பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டும் ஓட்டியிருக்கிறன்.
ஒரு தண்டம் இல்லை.
அங்க பிடிக்கிறதும் ஆள் இல்லை,
கம்பத்தில ஒரு சாம்பல் பெட்டி.
ஒரு வெளிச்சம், பிறகு ஒரு கடிதம்.
ஆரோடையும் ஒரு சொல்லுக் கதைக்கத் தேவையில்லை.

இங்க ஒரு பெடியன்.
என்ர மகனைவிட இரண்டு வயசு குறைவா இருக்கும்.
நெஞ்சில அவன்ர பெயர் சிங்களத்தில,
எனக்கு வாசிக்கத் தெரியாது.
பத்திரத்தில என்ர பெயர்,
அவனுக்கு வாசிக்க ஏலாது.
தவமணிநாயகி சிவபாதசுந்தரம்.
ஆங்கிலத்தில முப்பத்துமூண்டு எழுத்து.
கோட்டுக்குள்ள இருபதுக்கு மேல கொள்ளாது.
ஒவ்வொரு எழுத்தாய், பாத்துப் பாத்து,
ஓரத்தில வளைச்சு, கீழ இறக்கி,
மீன்வால் மாதிரி முடிச்சான்.
இந்தப் பெயரை இவ்வளவு பொறுமையா
ஒருத்தரும் எழுதினதில்லை.

"அம்பது" எண்டான், தமிழில.
துவக்கு மாதிரி ஒரு சாமானைத் திருப்பிக் காட்டினான்.
அறுபத்துநாலு.

துவக்கு மாதிரி, அவ்வளவுதான்.
ஆனாலும் என்ர கை
தன்ரபாட்டில நெஞ்சடிக்குப் போச்சுது,
அடையாள அட்டை இருந்த இடத்துக்கு.
முப்பத்தைஞ்சு வருசமா அங்க ஒண்டும் இல்லை.

மச்சாள் குசுகுசுத்தாள்:
ஆயிரத்தை மடிச்சு வை, விட்டிடுவான்.
மாட்டன் எண்டன்.
சுவிஸ்காரி நேர்மை காட்டுறா எண்டு
முகத்தை உப்பளப் பக்கம் திருப்பினாள்.

நேர்மை இல்லை மச்சாள்.
இதே பாலத்தடியில, பதினேழு வயசில,
இறங்கு எண்டு சொல்லி
என்ர லுமாலா சைக்கிளை வாங்கினவை.
ஆர் எண்டு கேளாதை.
அந்த நாளில ஆராயும் இருக்கலாம்.
அம்மா ஒரு காப்பை வித்து எடுத்த சைக்கிள்.
யாழ்ப்பாணம் மட்டும் நடந்தனான்,
மணியைக் கழட்டித் தாங்கோ எண்டாவது
கேட்டிருக்கலாம் எண்டு நினைச்சு நினைச்சு.
கையில ஒரு துண்டும் தரேல்லை.

எனக்குத் துண்டு வேணும்.

தபாற் கந்தோரில முன்னால கஜீபன்,
தலைக்கவசக் கேஸ், இந்த மாதம் இரண்டாந்தரம்.
அன்ரி, மூண்டு தாளையும் குடுங்கோ,
ஒண்டு குறைஞ்சாலும் அலைய விடுவினம் எண்டான்.
சில்லறைக்கு முணுமுணுத்த கிளாக்கருக்கு
நூறு ரூபாவையும் அவனே மாத்திக் குடுத்தான்.
முத்திரை விழுந்தது. டொக்.
இன்னொருக்கா, டொக்.
பின்னால நிண்டவர்
தள்ளுங்கோ பிள்ளை எண்டு சொல்லும் வரைக்கும்
அதைக் கேட்டுக்கொண்டு நிண்டன்.

பொலிஸில லாச்சியைத் திறந்தான்.
றப்பர் வளையம் போட்ட பத்திரங்கள், சீட்டுக்கட்டு மாதிரி.
என்ரையை உருவித் தந்திட்டு
பற்றுச்சீட்டுக்குக் கையை நீட்டினான்.
அது அவைக்காம்.
பொறுங்கோ எண்டு போனில ஒரு படம் எடுத்தன்.
ஏன் எண்டது மாதிரிப் பாத்தான்.
சிங்களத்தில எனக்குச் சொல்லத் தெரியாது.
தமிழிலயும் வரேல்லை.

திரும்பி வரேக்க நாப்பதில ஓட்டினன்.
பூவரசடியில வேற ஒரு கையுறை.
அது பின்னால மறைஞ்சதும்
எதிரே ஒரு வெள்ளை வான், நல்ல வேகம்.
லுசேர்னில இது குற்றம்.
விளக்கை இரண்டு தரம் மினுக்கினன்.

அவனும் சந்தோசமா மினுக்கினான்,
கையையும் காட்டினான்.
வேகம் குறையேல்லை.